மட்டக்குதிரைக்குச் சரியாத சேணம்: அளவெடுப்பதில் இருந்து குளக்கட்டுச் சோதனை வரை

நான் கிளிநொச்சியில் வாகன இருக்கைகளுக்கு மெத்தை தைக்கிறவன். மச்சான் நுவரெலியாவில் இருந்து ஒரு மட்டக்குதிரையை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தபோது சேணம் கேட்டு என்னிடம்தான் வந்தார். திருவிழாக்களில் சின்னப் பிள்ளைகளை ஏற்றி நடத்துவது அவருடைய எண்ணம். மூன்று நாளில் தைத்துக் கொடுத்தேன், பார்வைக்கு நல்ல சேணம். நாலாம் நாள் ஒரு கோயில் வீதியில், ஏழு வயதுப் பிள்ளையோடு அது அப்படியே குதிரையின் வயிற்றுக்குக் கீழே சுற்றிப் போனது. மணல் நிலம், குதிரையும் அசையாமல் நின்றுவிட்டது, அதனால் பிள்ளைக்கு முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. வார் தளர்ந்திருக்கவில்லை. நானே கால் ஊன்றி இழுத்துக் கட்டிய வார் அது.

அதற்குப் பிறகு அந்தச் சேணத்தைப் பிரித்துப் போட்டுவிட்டு முதலில் இருந்து தொடங்கினேன். இப்போது ஐந்தாவது சேணம் வரை வந்திருக்கிறேன். சேணம் நிற்பதும் சரிவதும் வாரை எவ்வளவு இறுக்குகிறோம் என்பதில் இல்லை. அடிப்பக்கம் அந்த முதுகோடு எப்படிப் பொருந்துகிறது, வார் எந்த இடத்தில் இருந்து தொங்குகிறது என்ற இரண்டிலும்தான் இருக்கிறது. கீழே எழுதுவது எல்லாம் இந்த இரண்டைச் சரியாகச் செய்யும் வழிதான்.

ஏன் சரிகிறது

பெரிய குதிரையின் பிடரி முடியும் இடத்தில் ஒரு மேடு எழும்பி நிற்கும். நான் அதைத் தோள்மேடு என்பேன். சேணத்தின் முன்வளைவு அந்த மேட்டின் இரு பக்கமும் பிடித்துக்கொள்வதால் அது இலேசில் உருளாது. மட்டக்குதிரைக்கு அந்த மேடு தாழ்வு, சிலவற்றுக்கு இல்லை என்றே சொல்லலாம். முதுகு அகலம், விலா உருண்டை, வயிறு பெரிது. ஒரு பீப்பாய்க்கு மேல் பலகையைக் கட்டி வைப்பது போன்ற வேலை. மன்னார்க் கழுதைகளைப் பார்த்தவர்களுக்கு இந்த உடலமைப்பு புரியும். கழுதைக்குச் சேணம் செய்பவருக்கும் இதே சிக்கல்தான்.

சரிவு மூன்று திசையில் நடக்கும். பக்கவாட்டில் உருளும், முன்னால் தோளுக்கு மேல் ஏறும், மேட்டில் ஏறும்போது பின்னால் வழுக்கும். பக்கவாட்டு உருளலுக்குப் பெரும்பாலும் சட்டத்தின் அகலம் பிழை. முன்னால் ஏறுவதற்கு வாரின் இடம் பிழை. வன்னி தட்டை நிலம் என்றபடியால் பின்னால் வழுக்குவது குளக்கட்டில் ஏறும்போது மட்டும் தெரியவரும்.

வேலை தொடங்க முன் ஒரு கணக்கு

குதிரை எவ்வளவு பாரம் தாங்கும் என்று தெரியாமல் சேணத்தின் அளவை முடிவுசெய்யக் கூடாது. முன்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி ஒரு அளவு எடுங்கள். தோள்முனையில் இருந்து பிட்டத்தின் முனை வரை நீள அளவு ஒன்று எடுங்கள். இரண்டும் செ.மீ. சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,877 ஆல் வகுத்தால் கிட்டத்தட்டக் கிலோ கணக்கு வரும். எங்கள் குதிரை 140 சுற்று, 125 நீளம்: 206 கிலோ. சேணமும் ஆளும் சேர்ந்து உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது குதிரைக்காரர் பரவலாகக் கொள்ளும் மேல் எல்லை. அப்படியென்றால் 41 கிலோ. சேணம் 5 கிலோ என்றால் 36 கிலோவுக்கு மேற்பட்ட பிள்ளையை ஏற்ற முடியாது. எங்கள் வெயிலில் நான் 30 கிலோவோடு நிறுத்திவிடச் சொல்லியிருக்கிறேன். பெரியவர்கள் படம் எடுக்க ஏறக் கேட்பார்கள், மறுத்துவிடுங்கள்.

முதுகை அளவெடுத்தல்

அவசரப்படாமல் செய்ய வேண்டிய பகுதி இது. நெல் காயப்போடும் சீமெந்துத் தளம் போல மட்டமான இடத்தில் குதிரையை நிறுத்துங்கள். முன்கால் இரண்டும் ஒரே கோட்டில், தலை நேரே. ஒருவர் தலையைப் பிடிக்க வேண்டும், புல்லைக் காட்டி அல்ல. கழுத்துக் குனிந்தால் முதுகின் வடிவம் மாறிவிடும்.

தோள்பட்டை எலும்பின் பின்விளிம்பைக் கையால் தடவிக் கண்டுபிடியுங்கள். பிறகு இன்னொருவர் முன்காலைத் தூக்கி மெல்ல முன்னால் நீட்ட வேண்டும். அப்போது எலும்பின் மேல்பகுதி பின்னால் நகர்வது கைக்குத் தெரியும். அது போய் நிற்கும் இடத்துக்கு இரண்டு விரல் பின்னால் சோக்குக் கட்டியால் கோடு போடுங்கள். சேணத்தின் சட்டம் அதற்கு முன்னால் வரவே கூடாது. வந்தால் ஒவ்வொரு அடிக்கும் தோள் எலும்பு சட்டத்தில் இடிக்கும், குதிரை நடையைச் சுருக்கும், சேணமும் அடிக்கு அடி நகரும்.

அடுத்தது பின் எல்லை. குதிரைக்கு 18 சோடி விலா. கடைசி விலாவை விலாப்புறத்தில் விரலால் தேடி, அதன் வளைவோடு மேலே முதுகெலும்பு வரை போங்கள். அங்கே ஒரு கோடு. பாரம் தாங்கும் பகுதி இந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது, ஏனென்றால் அதற்குப் பின்னால் கீழிருந்து தாங்க விலா இல்லை. எங்கள் குதிரைக்கு இரண்டு கோட்டுக்கும் இடையில் 41 செ.மீ. தான். கடையில் வாங்கும் சேணங்கள் பல மட்டக்குதிரைக்கு ஒத்துவராமல் போவதற்கு இந்தக் குறுகிய முதுகும் ஒரு காரணம்.

இனி வீட்டு வயரிங்குக்கு வாங்கும் தடித்த செப்புக் கம்பி இரண்டு முழம் எடுங்கள். வளைத்தால் வளைந்தபடி நிற்கிற கம்பியாக இருக்க வேண்டும். முன்கோட்டில் முதுகின் குறுக்காகக் கம்பியை வைத்து, உச்சியில் இருந்து இரு பக்கமும் கீழே அழுத்தி, உடலோடு ஒட்ட விடுங்கள். ஆடாமல் எடுத்து, குளிர்சாதனப் பெட்டி வந்த மட்டையில் வைத்து உட்புறமாகப் பென்சிலால் வரையுங்கள். இடம், வலம் என்று அப்போதே எழுதுங்கள், பிறகு ஞாபகம் வராது. முதுகின் பள்ளமான இடத்தில் இன்னொன்று, பின்கோட்டில் இன்னொன்று. கடைசியாக முதுகெலும்புக்கு ஒரு கை அகலம் தள்ளி, நீளவாக்கில் ஒன்று. மொத்தம் நாலு மட்டை.

மட்டையை வெட்டித் திரும்பக் குதிரையில் வைத்துப் பாருங்கள். வெளிச்சம் ஊடுருவினால், மட்டை முட்டுகிற இடத்தைச் சீவித் திருத்துங்கள். இடமும் வலமும் ஒன்றாக இராது, எங்கள் குதிரைக்கு இடத்தோள் பருமன். இந்த வித்தியாசத்தைச் சட்டத்தில் வெட்டக் கூடாது. சட்டத்தைப் பருமனான பக்கத்துக்கு ஏற்ப இரு பக்கமும் சமமாகச் செய்து, மெலிந்த பக்கத்தில் மெத்தையைக் கூட்டி நிரப்ப வேண்டும்.

சட்டம்

சட்டம் இல்லாத மெத்தைச் சேணம் இலகு, மலிவு. ஆனால் உருண்டை முதுகில் அது உருளாமல் நிற்பதை நான் பார்க்கவில்லை. பிள்ளைகளை ஏற்றுவதென்றால் சட்டம் வேண்டும்.

நான் செய்வது மிகப் பழைய வடிவம். முதுகெலும்பின் இரு பக்கமும் நீளவாக்கில் இரண்டு மரப் பட்டைகள், அவற்றை முன்னும் பின்னும் இணைக்கிற இரண்டு இரும்பு வளைவுகள், நடுவில் முதுகெலும்புக்கு மேல் திறந்த வெளி. அமெரிக்கக் குதிரைப்படை 1859 இல் ஏற்றுக்கொண்ட மக்ளெல்லன் சேணம் இந்த வகைதான். அந்தத் திறந்த வெளி வழியாகக் காற்றுப் போவது எங்கள் கோடைக்குப் பெரிய உதவி.

பட்டைக்குப் பூவரசு எடுத்தேன். பாலையும் முதிரையும் உறுதியானவை, ஆனால் கனம். இங்கே ஒவ்வொரு கிலோவும் பிள்ளையின் பங்கில் இருந்துதான் கழியும். ஒவ்வொரு பட்டையும் 38 செ.மீ. நீளம், 9 செ.மீ. அகலம். அடிப்பக்கத்தைக் குறுக்காக எடுத்த மூன்று மட்டைக்கும் ஏற்பச் சீவும்போது ஒரு விஷயம் தெரியும்: முன்னால் சரிவு கூட, பின்னால் போகப் போகத் தட்டை. அதனால் பட்டையின் அடி நேர்ப்பலகையாக இருக்க முடியாது, மெல்லிய முறுக்கு வேண்டும். வள்ளம் கட்டுகிற தச்சருக்குச் சொன்னால் உடனே புரியும், மட்டையை வைத்து வைத்துச் சீவுவது அவர்களுக்குப் பழகிய வேலை. இரு நுனிகளும் மேல்நோக்கி மெல்ல வளைய வேண்டும், இல்லாவிட்டால் நுனி முதுகில் குத்தும்.

முன்வளைவுக்கு 25 மி.மீ. அகலமும் 5 மி.மீ. தடிப்பும் உள்ள இரும்புப் பட்டம். வெல்டிங் கடையில் மட்டையைக் கொடுத்து வளைக்கச் சொன்னேன். இங்கேதான் என் முதல் சேணம் பிழையாகிப் போனது. முதுகின் அளவுக்கே வளைவைச் செய்துவிட்டு, பிறகு உள்ளே மெத்தை வைத்தேன். சப்பாத்து அளவாக இருக்கும்போது இரண்டு சோடி மேசு போட்டால் கால் உள்ளே இறங்காது அல்லவா, அது மாதிரிச் சேணம் முதுகில் இறங்காமல் உச்சியில் ஏறி உட்கார்ந்துவிட்டது. கீழே அகலமாகப் பிடிக்க வேண்டியது மேலே ஒடுக்கமாக நின்றது. எவ்வளவு இறுக்கினாலும் அது உருளும். ஆகவே மட்டையில் உள்ள கோட்டுக்கு வெளியே, மெத்தையும் அடிவிரிப்பும் சேர்ந்து அழுந்திய பிறகு வரும் தடிப்பளவு தள்ளி, இரண்டாவது கோடு வரைந்து அதையே வெல்டிங் கடைக்குக் கொடுங்கள். என் கணக்கில் அது ஒவ்வொரு பக்கமும் 2 செ.மீ.

வளைவின் வடிவமும் முக்கியம். ஒடுக்கிய கூரை முகடு போல இருக்கக் கூடாது, கவிழ்த்த சட்டி போல அகன்று உருண்டு வர வேண்டும். அதேநேரம் அகலம் கூடிப்போனால் சேணம் தாழ்ந்து முதுகெலும்பில் இருந்துவிடும். பிள்ளை ஏறி உட்கார்ந்த நிலையில் முன்வளைவுக்கும் தோள்மேட்டுக்கும் இடையில் இரண்டு விரலாவது போக வேண்டும். இரு பட்டைகளுக்கும் நடுவில் 6 முதல் 7 செ.மீ. இடைவெளி முழு நீளத்துக்கும் வேண்டும்.

வளைவைப் பட்டையோடு பூட்ட முன், துணி மட்டும் விரித்து வெறும் சட்டத்தைக் குதிரையில் வைத்து, உள்ளங்கையை அடியில் நுழைத்து முன்னிருந்து பின்வரை தடவுங்கள். அழுத்தம் எங்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். முன்னும் பின்னும் மட்டும் முட்டி நடுவில் வெற்றிடம் இருந்தாலோ, நடுவில் முட்டிப் படகு போல் ஆடினாலோ திரும்பச் சீவுங்கள். எனக்கு நாலு தடவை சீவ வேண்டி வந்தது. தச்சர் முகம் சுளித்தார், ஆனாலும் செய்து தந்தார்.

மெத்தை

இது என் தொழில் என்பதால் இங்கே பிழைவிட மாட்டேன் என்று நினைத்திருந்தேன். இருக்கைக்குப் போடும் ஸ்பொன்ஜைத் தாராளமாகப் போட்டேன். ஸ்பொன்ஜ் பாரத்தில் ஒரு பக்கம் நசுங்கும், மறுபக்கம் எழும்பும். மெத்தைக்கு மேல் நிற்பது போல எல்லாம் ஆடும். தடித்த மெத்தை பிழையான சட்டத்தைச் சரியாக்காது. 10 முதல் 12 மி.மீ. தடிப்புள்ள கெட்டியான கம்பளித் தகடு போதும். எங்கள் பக்கத்துச் செம்மறி ஆடுகளுக்குக் கம்பளி மயிர் இல்லை என்பதால் அது இங்கே கிடைப்பது கடினம். நான் மலையகத்தில் இருந்து பழைய கம்பளிப் போர்வைகளை எடுப்பித்து, மூன்று நாலு மடிப்பாக வைத்து நெருக்கமாகத் தைத்தேன். தும்பு வேண்டாம், குத்தும். இலவம் பஞ்சு சில நாளிலேயே படிந்துவிடும்.

முதுகைத் தொடும் முகத்துக்கு றெக்சின் போடவே கூடாது. வியர்வை பட்டால் அது வழுக்கும். பருத்திக் கன்வஸ் நல்லது. சேணத்துக்கு அடியில் துவைக்கக்கூடிய பருத்தி விரிப்பு ஒன்று போட்டு, நடு வரியைக் கையால் தூக்கிச் சேணத்தின் இடைவெளிக்குள் கூடாரம் போல் நிற்க விடுங்கள். இல்லாவிட்டால் விரிப்பு இறுகி முதுகெலும்பை அழுத்தும். மெல்லிய றப்பர்ப் பட்டை இரண்டை விரிப்புக்கும் சேணத்துக்கும் இடையில் தைத்தால் பிடிப்புக் கூடும். றப்பர் குதிரையின் தோலில் நேரே படக் கூடாது, சூடேறி மயிரைப் பிடுங்கும்.

வார் எங்கே தொங்க வேண்டும்

முழங்கைக்குப் பின்னால் நெஞ்சு ஒடுங்குகிற ஓர் இடம் ஒவ்வொரு குதிரைக்கும் உண்டு. ஒரு பருத்திக் கயிற்றை நெஞ்சைச் சுற்றித் தளர்வாகக் கட்டி, குதிரையை நூறு அடி நடத்துங்கள். கயிறு தானாக நகர்ந்து ஓர் இடத்தில் நிற்கும். அந்த இடத்தைச் சோக்கால் குறியுங்கள். நீங்கள் எங்கே கட்டினாலும் வார் கடைசியில் அங்கேதான் போகும். பெருவயிற்று மட்டக்குதிரைக்கு அந்த இடம் நன்றாக முன்னால் இருக்கும், ஏனென்றால் வயிறு பின்னால் விரிந்து வாரை முன்னால் தள்ளுகிறது. சேணத்தின் நடுவில் இருந்து வாரைத் தொங்கவிட்டால், வார் முன்னால் ஓடும்போது சேணத்தையும் தோளுக்கு மேல் இழுத்துக்கொண்டு போகும். இறுக்க இறுக்க இழுப்புத்தான் கூடும்.

அதற்குச் செய்ய வேண்டியது இதுதான். ஒவ்வொரு பக்கமும் இரண்டு வார். ஒன்று முன்வளைவின் கீழ்முனையில் இருந்து, மற்றது பட்டையின் பின்பகுதியில் இருந்து. இரண்டும் கீழே ஓர் இரும்பு வளையத்தில் சேர வேண்டும். வயிற்றுவார் அந்த வளையத்தில்தான் பூட்டும். முன்வாரைக் கட்டையாகவும் பின்வாரை நீளமாகவும் வைத்து, வளையம் சோக்குக் குறிக்கு நேர் மேலே வரும்படி சரிசெய்யுங்கள். முன்வார் பாரத்தைத் தாங்கும். பின்வார் சேணத்தின் பின்பக்கம் எழும்பாமல் பிடிப்பதற்கு மட்டும். அதை அளவுக்கு மீறி இறுக்கினால் வயிற்றுவார் பின்னால் இழுபட்டுக் குதிரையின் வயிற்றை வெட்டும். பின்வாரில் 2 செ.மீ. இடைவெளியில் நாலு துளை வைத்தால் குதிரைக்கு ஏற்ப மாற்றலாம்.

வாருக்கு 50 மி.மீ. பொலியெஸ்டர்ப் பட்டி நல்லது. நைலோன் நனைந்தால் நீளும். லொறிக்காரர் கழித்த பழைய கட்டுப்பட்டிகளை வாங்காதீர்கள். வெயிலில் வெளுத்த பட்டி பார்வைக்கு முழுசாக இருக்கும், இழுத்தால் அறும். தையலுக்குப் பட்டியை 10 செ.மீ. மடித்து, சதுரமும் குறுக்குக் கோடுகளுமாகத் தையுங்கள். ஒற்றை ரிவெற்றை நம்பி ஒரு பிள்ளையை ஏற்றக் கூடாது. வயிற்றுவார் 8 செ.மீ. அகலமாவது வேண்டும், உட்புறம் பருத்தி. இலாஸ்டிக் வைப்பதென்றால் இரு பக்கமும் வையுங்கள், ஒரு பக்கம் மட்டும் வைத்தால் சேணம் மறுபக்கம் இழுபடும்.

கட்டும்போது இரு பக்கமும் மாறி மாறி ஒவ்வொரு துளையாக இறுக்குங்கள். வாருக்கு அடியில் இரண்டு விரல் தட்டையாக நுழைய வேண்டும். மட்டக்குதிரை வார் கட்டும்போது நெஞ்சை ஊதிப் பிடிக்கும். ஐந்து பத்து நிமிடம் நடத்திவிட்டுத் திரும்ப ஒரு தடவை பார்க்காமல் யாரையும் ஏற்றாதீர்கள்.

வால்வாரும் மார்புவாரும்

தோள்மேடு இல்லாத குதிரைக்கு, எல்லாம் சரியாக இருந்தாலும், இறக்கத்தில் சேணம் கொஞ்சம் முன்னால் வரப் பார்க்கும். சேணத்தின் பின்பக்கத்தில் இருந்து வாலின் அடியால் சுற்றி வரும் வால்வார் அதற்கு. வாலின் அடியில் போகும் பகுதி பெருவிரல் தடிப்பில், உருண்டையாக, உட்புறம் தையல் இல்லாமல் இருக்க வேண்டும். மேனாட்டுச் சேணக்காரர் இதற்குள் ஆளிவிதை நிரப்புவது வழக்கம். விதையின் எண்ணெய் மெல்லக் கசிந்து தோலை மிருதுவாக வைத்திருக்கும். எனக்கு விதை அகப்படவில்லை, இறுக்கிச் சுருட்டிய பருத்தியைக் கன்றுத்தோலால் சுற்றினேன். கட்டிய பிறகு பிட்டத்துக்கும் வாருக்கும் இடையில் நாலு விரல் இலகுவாகப் போக வேண்டும். முதல் நாள் குதிரை உதைக்கலாம், பக்கவாட்டில் நின்று பழக்குங்கள். ஒவ்வொரு நாளும் கழுவுங்கள், புண் வந்தால் இலையான் மொய்த்து ஆறாது.

மார்புவார் மேட்டில் ஏறுவோருக்கு மட்டும். தோள்முனைக்கு மேலே, மூச்சுக்குழலுக்குக் கீழே, ஒரு கைமுட்டி போகும் தளர்வில் கட்டுங்கள்.

அங்கவடி

சேணம் சரிவதைவிடப் பயங்கரம், சரியும்போது கால் மாட்டிக்கொள்வது. ஏறியவர் கால் வைக்கும் வளையம்தான் அங்கவடி. அதன் அகலம் பிள்ளையின் சப்பாத்தைவிட 2.5 செ.மீ. கூட இருக்க வேண்டும்; முன்பக்கத்தில் தோல் மூடி வைத்தால் கால் ஊடே போகாது. அங்கவடி வாரைப் பின்பக்கம் திறந்த கொக்கியில் மாட்டுங்கள், இழுபட்டால் கழன்று வரும். செருப்போடு யாரையும் ஏற்றாதீர்கள். தலைக்கவசம் கட்டாயம். விழாமல் இருக்கட்டும் என்று பிள்ளையைச் சேணத்தோடு கட்டுவதை நான் கண்டிருக்கிறேன், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பிடித்துக்கொள்ள முன்வளைவில் ஒரு கைவார் போதும்.

ஏறுவதற்குப் படி வையுங்கள். நிலத்தில் இருந்து அங்கவடியில் தொங்கி ஏறினால் ஒவ்வொரு தடவையும் சேணம் இடப்பக்கம் இழுபடும். ஒருவர் மறுபக்க அங்கவடியைக் கீழே அழுத்திப் பிடிக்க வேண்டும்.

சோதனை

முதல் நாள் வெறும் சேணத்தோடு நடத்துங்கள். அடுத்த நாள் 20 கிலோ மணல் மூட்டையை இருக்கையில் கட்டி, சேணத்தின் முன்விளிம்பு நிற்கும் இடத்தில் குதிரையின் மயிரில் சோக்குக் கோடு போட்டு, கால் மணி நேரம் நடத்துங்கள். வலப்பக்கம் வட்டம், இடப்பக்கம் வட்டம், கொஞ்சம் துள்ளோட்டம். பிறகு குளக்கட்டு. எங்கள் ஊரில் குளமில்லாத இடமில்லை; கட்டின் சரிவில் நேரே ஏற்றி, நேரே இறக்கி, குறுக்காகவும் ஒரு தடவை நடத்திப் பாருங்கள். கோடு இரண்டு விரலுக்குள் நகர்ந்திருந்தால் நான் ஏற்றுக்கொள்வேன். நாலு விரலென்றால் முன்னால் சொன்னவற்றைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

எப்போதும் ஒரே பக்கம் சரிந்தால் சேணத்தைக் குறைசொல்ல முன் நடத்துபவரைப் பாருங்கள். ஒரே கையால், ஒரே பக்கம் நின்று, ஒரே திசையில் வட்டம் சுற்றினால் நல்ல சேணமும் வெளிப்பக்கம் போகும்.

சேணத்தை இறக்கியவுடன் முதுகின் வியர்வையைப் படியுங்கள். இரு பட்டைகளும் இருந்த இடம் சீராக நனைந்திருந்தால் சரி. நடுவில் காய்ந்த திட்டு இருந்தால் ஒன்றில் அங்கே சேணம் தொடவில்லை, அல்லது அளவுக்கு மீறி அழுத்தியிருக்கிறது. விரலால் அழுத்தினால் குதிரை முதுகைத் தாழ்த்துகிறதா என்று பார்த்தால் எது என்று தெரியும். அந்த இடத்தில் பின்னாளில் வெள்ளை மயிர் முளைத்தால் காயம் ஆழம் வரை போயிருக்கிறது.

மாரியில் தோலில் பூஞ்சணம் பிடிக்கும். ஈரத் துணியால் துடைத்து நிழலில் உலர்த்தி, தேங்காய் எண்ணெயை மெல்லியதாகத் தடவி, எலி எட்டாதபடி கூரை வளையில் தொங்கவிடுங்கள். எண்ணெயை ஊற்ற வேண்டாம், தோல் இளகி நீளும்.

கம்பி அளவுகளை எறியாதீர்கள், திகதி எழுதி வையுங்கள். மாரி பெய்து புல் வந்தபின் தையில் எங்கள் குதிரை உருண்டு திரளும். ஆவணியில் விலா தெரியும் அளவுக்கு இளைக்கும். இரண்டு காலத்திலும் கம்பியை வைத்துப் பழைய மட்டையோடு ஒப்பிடுகிறேன். இளைத்த காலத்துக்கு இரு பக்கமும் ஒரு மடிப்புப் போர்வை கூட்டுவதும், திரண்ட காலத்தில் அதை உருவிவிடுவதுமாக இப்போது நடக்கிறது. போன ஆவணியில் இடத்தோள் வித்தியாசம் முன்பைவிடக் குறைந்திருந்தது, அதனால் வலப்பக்க நிரப்பலில் பாதியை எடுத்துவிட்டேன்.